காரணம்: டிரைவருக்குப் பயம்

"காலை 6.20. ஆட்கள் இறக்கப்படவில்லை. காரணம்: டிரைவருக்குப் பயம்."

1966 அக்டோபர் 24, திங்கட்கிழமை. சுரங்கத்தின் வைண்டிங் இன்ஜின் பதிவேட்டில் ஆங்கிலத்தில் உள்ள வரி இது. பதிவேட்டில் எழுதியவன் நான். பயந்த டிரைவரும் நான்தான்.

கிருத்திகைதோறும் பஜனைக் கூடத்தில் நம்மோடு உட்கார்ந்து முருகன் பேரைச் சொல்லும் அன்பர்கள் சிலர், நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி பல தடவை கேட்டார்கள். ஏழு வருஷம் தள்ளிப்போட்டேன். இப்போது 1974 தை மாதம் எழுதுகிறேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுவது என் பழக்கம். இதில் வரும் தேதிகள் அதிலிருந்து எடுத்தவை. எந்த ஷாஃப்ட், எந்த அதிகாரி என்பதை மட்டும் விட்டுவிட்டேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் என் பயம் புரியும். ஷாஃப்ட் என்பது பூமிக்குள் நேராக இறங்கும் கிணறு. ஆட்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் நின்று இறங்குவார்கள். அந்தக் கூண்டு ஒரு இரும்பு ரோப்பில் தொங்கும். ரோப்பின் மறுமுனை இன்ஜின் வீட்டில் உள்ள பெரிய டிரம்மில் சுற்றியிருக்கும். டிரம்மைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் வைண்டிங் டிரைவர். இன்ஜின் வீடு ஷாஃப்ட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. நான் ஓட்டும் கேஜ் என் கண்ணுக்குத் தெரியாது. மேலே கேஜ் வாசலில் நிற்கும் பேங்க்ஸ்மேன் மணி அடிப்பார். மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள். இரண்டு அடித்தால் இறக்கு. எனக்கு முன்னால் ஒரு டயல் இருக்கும். டிரம்மின் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். கடைசிச் சுற்று வந்துவிட்டது என்று டயல் சொல்லும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கோடு சொல்லும். முப்பது உயிருக்கு அந்தக் கோடுதான் ஆதாரம்.

1955 முதல் நான் டிரைவர். என் கையில் கேஜ் குலுங்காது என்று பேர் வந்தது. எப்படி வந்தது என்று தெரியாது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வந்தால் என் ஷிஃப்டில்தான் இறக்குவார்கள். கேஜ் தரையில் டம்ளர் நிறைய டீயை வைத்து, கீழே போனதும் சிந்தியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். சிந்தியிருக்காது. மேலே வந்து இன்ஜின் வீட்டை எட்டிப் பார்த்து எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பெண் கொடுக்கிற வீட்டார், மாப்பிள்ளை எந்த ஷிஃப்ட் என்று கேட்பார்கள். "ஏகாம்பரண்ணன் ஷிஃப்டு" என்றால் முகம் மலரும். என் மனைவி சம்பூரணம், தன் தம்பி ஜெயராமனையே கெஞ்சிக் கூத்தாடி என் ஷிஃப்டுக்கு மாற்ற வைத்தாள். "உங்க கையில இருந்தா எனக்கு நிம்மதி" என்றாள்.

1966 பிப்ரவரி 17, வியாழக்கிழமை. ஜெயராமன் கல்யாணப் பேச்சை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பிரேக்கை அழுத்துவதில் ஒரு நொடி தாமதம். கேஜ் கீழ் லெவலைத் தாண்டி ஒரு முழம் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் நானே ஃபோர்மனிடம் போய்ச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "உங்க கையிலயா? ரோப்பு நீண்டிருக்கும் ஏகாம்பரம்."

"இல்லீங்க சார். நான்தான் லேட்டா புடிச்சேன்."

"தன்னடக்கம் போதும். போய் சாப்புடுங்க."

ரோப்பை அளந்தார்கள். அது நீளவில்லை. அப்போதும் யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் செய்த தவறை ஒரு இரும்புக் கயிறு சுமந்தது.

அன்று பிடித்தது பயம். தவறு செய்கிறவனை அதட்ட நாலு பேர் இருப்பார்கள். தவறே செய்யாதவன் என்று பேர் எடுத்தவனுக்கு ஒருவரும் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் ஒரு நாள் கோட்டைக் கோட்டைவிட்டால் என்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? இன்ஜின் நின்று கிளம்பினால் முதலில் காலி கேஜை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். அது பழைய முறை. மற்ற டிரைவர்களின் ஷிஃப்டில் செய்தார்கள். என் ஷிஃப்டில் எப்போதிலிருந்தோ நின்று போயிருந்தது. கால்மணி நேரம் மிச்சம், அதனால் ஆட்களும் சீக்கிரம் வேலைக்கு இறங்குவார்கள். "நீங்க இருக்கறப்ப இன்னா டெஸ்ட்டு?" என்பார் ஃபோர்மன்.

காலையில் கிளம்பும்போது குடித்த கூழ் வெளியே வந்துவிடும். வழியில் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இன்ஜின் வீட்டுக்குள் போவேன். உள்ளங்கை வியர்க்கும். பஞ்சு வேஸ்ட்டால் துடைத்துத் துடைத்துத் தோல் உரிந்தது. ஒவ்வொரு நடைக்கும் சரவணபவ என்று சொல்லிக்கொண்டு ஓட்டினேன். கேஜ் நின்று மணி வந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். பிறகு அடுத்த நடை. பிறகு அடுத்தது.

மாலையில் வாசகசாலைக்குப் போவது என் வழக்கம். சரித்திரம், பயணம் என்று எது கிடைத்தாலும் படிப்பேன். அந்த வருஷம் கப்பல் மூழ்கியது, ரயில் கவிழ்ந்தது, பாலம் இடிந்தது என்று தேடித் தேடி எடுத்தேன். எந்த விபத்தை எடுத்தாலும் ஓட்டியவரோ கட்டியவரோ அனுபவசாலி என்று எழுதியிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

யாரிடம் சொல்வேன்? சம்பூரணத்திடம் சொன்னால் தம்பிக்காக அவள் சாப்பிடமாட்டாள். ஃபோர்மனிடம் சொல்லியாயிற்று. ஆட்களிடம் சொன்னால் கேஜில் கால் வைக்க நடுங்குவார்கள். டைரியில் மட்டும் எழுதினேன். பிப்ரவரி முதல் ஜூலை வரை "இன்றும் ஒன்றும் ஆகவில்லை" என்ற வரி நூற்றுக்கு மேல் இருக்கிறது.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று பஜனைக் கூடத்தில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். முருகன் கையிலிருந்த வேலைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. அதைத்தான் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று வேறு ஒன்று வந்தது. "முருகா, என்னை நம்பாத ஒரே ஒரு ஆளை அனுப்பு." இப்படி வேண்டுகிற பக்தன் வேறு யாராவது இருப்பானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அழுதுகொண்டேதான் வேண்டினேன். டைரியில் அந்த வாசகம் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 26 அன்று எங்கள் ஷாஃப்டுக்குப் புது பேங்க்ஸ்மேன் வந்தார். பேர் முனிரத்தினம். வேறு ஷாஃப்டிலிருந்து மாற்றல். ஐம்பது வயது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் கன்னடம். வந்த முதல் நாளே ஃபோன் செய்தார்.

"காலி கேஜு விட்டுப் பாத்தாச்சா?"

"இங்க அது வழக்கமில்லீங்க" என்றேன்.

"எந்த ஊரு வழக்கம் அது? உங்க கை நல்ல கைதாம்பா. ஆனா என் பொண்டாட்டி உங்க கையப் பாத்தா என்னைக் கட்டிக்கினா?"

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தது ஃபோனில் கேட்டது. அன்பர்களே, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்தது. பதினோரு வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நான்கு வாரமும் வீட்டில் அவரைத் திட்டினேன். அவர் ஒவ்வொரு காலையும் கேட்பார். ஃபோர்மன் ஒவ்வொரு காலையும் "ஏகாம்பரம் இருக்காருப்பா, உடு" என்பார். முனிரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே மணி அடிப்பார்.

அக்டோபர் முதல் வாரத்தில் பழைய ரோப்பின் காலம் முடிந்து புது ரோப் மாற்றினார்கள். புது ரோப் போட்டால் நிறுத்தும் கோடும் மாறும். பெயின்ட்டில் போடமாட்டோம். புது ரோப் பளு தாங்கித் தாங்கி சில வாரம் நீளும். அது நிலைக்கும் வரை சாக்பீஸில் கோடு போட்டு, அவ்வப்போது அழித்து மாற்றுவோம். புதுக் கோடு, பழைய வெள்ளைப் பெயின்ட் கோட்டுக்கு ஏறக்குறைய ஆறடி முன்னால் விழுந்தது. பழைய கோட்டில் நிறுத்தினால் கேஜ் ஆறடி கூடுதலாக இறங்கிவிடும். பழையதைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். அது என் பொறுப்பு. மங்கித்தானே கிடக்கிறது, எது எது என்று எனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். மற்ற இரண்டு ஷிஃப்ட் டிரைவர்களும், நான் விட்டதைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் இயந்திரத்துக்கு நடக்கிற பூஜை உங்களுக்குத் தெரியும். இன்ஜின் வீட்டைக் கழுவி, பித்தளையைத் துலக்கி, இரும்புக்கெல்லாம் பெயின்ட் அடித்து, பிரேக் கம்பியில் வாழைக்கன்று கட்டி, டிரம்முக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். விஜயதசமி வரை இன்ஜின் நின்றது.

24ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் என்னுடையது. உள்ளே போனதும் புதுப் பெயின்ட்டும் சாம்பிராணியும் கலந்த வாசம். எண்ணெய் போடும் கோதண்டன் வாசலிலேயே நின்றான். நாற்பது வயது ஆள், என்னைவிட இரண்டு வயது சின்னவன். "பாருங்கண்ணே, கல்யாணப் பொண்ணு மாதிரி பண்ணி வெச்சிருக்கேன்" என்றான். கேஜ் மேலே நிற்கும்போது நிறுத்தும் கோடு டிரம்மின் அடிப்பக்கம் போய்விடும். என் இருக்கையிலிருந்து தெரியாது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

லீவு முடிந்த கூட்டம். சங்கு ஊதி நேரமாகிவிட்டது. முதல் நடைக்கு முப்பத்திரண்டு பேர் ஏறிவிட்டார்கள். அதில் ஜெயராமன் இருந்தான். ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மணிக்காகக் காத்திருந்தேன். மணி வரவில்லை. ஃபோன் வந்தது.

"ரெண்டு நாளு நின்ன இன்ஜினு. காலி கேஜு விடாம நான் மணி அடிக்கமாட்டேன்" என்றார் முனிரத்தினம்.

பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. "இன்னாய்யா இது, ஏகாம்பரண்ணன் ஓட்டறாரு, நீ இன்னா ஓட்டறே?" "பெரிசு, வீட்ல பூஜை சரியா நடக்கலியா?" அதற்குள் ஃபோர்மன் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"ஏகாம்பரம், நீங்களே சொல்லுங்க. டெஸ்ட்டு வேணுமா, வேணாமா? நீங்க வேணாம்னா இந்தாளு மணி அடிப்பாரு. நான் அடிக்க வைக்கிறேன்."

என் வாயில் "வேணாம் சார்" என்ற சொல் தயாராக இருந்தது. எட்டு மாதமாகப் பயந்தவன்தான். ஆனாலும் முப்பத்திரண்டு பேர் காதுபட, முனிரத்தினம் காதுபட, என் கைக்குச் சோதனை வேண்டும் என்று சொல்ல மனம் வரவில்லை. பயத்தைவிடப் பேர் பெரிதாக நின்றது. ஒரு சொல்தான் மிச்சம். சொல்லியிருந்தால் இறக்கியிருப்பேன்.

பிரேக் கம்பியில் கட்டிய வாழைக்கன்று நடுங்கியது. காற்று இல்லை. என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். நான் சொல்லாததை அது சொல்லிக்கொண்டிருந்தது.

"சார்" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

"இன்னாது?" என்றார் ஃபோர்மன்.

"பயமா இருக்கு சார். இன்னிக்கு மட்டும் இல்ல. மாசியிலிருந்து பயமா இருக்கு. ஆளுங்கள கேஜ விட்டு வெளிய வரச் சொல்லுங்க."

ஆட்கள் முனகிக்கொண்டே வெளியே வந்தார்களாம். "மாமாவுக்கு ஜுரமா?" என்று ஜெயராமன் கேட்டானாம். பதிவேட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதினேன். பிறகு காலி கேஜை விட்டேன்.

ஆட்கள் இருந்தால் எந்த வேகமோ அதே வேகத்தில். டயல் கடைசிச் சுற்றைக் காட்டியது. டிரம்மின் அடியிலிருந்து வெள்ளைக் கோடு பளிச்சென்று மேலே வந்தது. பதினோரு வருஷம் அந்த வெள்ளைக்குப் பழகிய கை, தானாகப் பிரேக்கைப் பிடித்தது. சாக்பீஸ் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கோடு நேராக வரும் முன்னமே ரோப் துவண்டது. டிரம் ஒரு தரம் அதிர்ந்தது. எங்கேயோ ஆழத்தில் நடந்தது என் இருக்கைக்கு வந்தது.

கீழ் லெவலிலிருந்து ஃபோன். "கேஜு லெவலத் தாண்டிப் போயி ஷாஃப்ட் அடியில போட்ட மரத்துல இடிச்சிட்ச்சி. மரம் ரெண்டா பூட்ச்சி. யாராச்சும் கீறாங்களா அதுல?"

"யாரும் இல்ல" என்றேன். மறுபடியும் சொன்னேன். "யாரும் இல்ல." எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை.

பையிலிருந்து டைரியை எடுத்தேன். ரோப் மாற்றிய நாளின் பக்கத்தில் "நிறுத்தும் கோடு சாக்பீஸில் போட்டேன்" என்று இருந்தது. டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தேன். சாக்பீஸ் கோடு இல்லை. பழைய கோடு புதுப் பெயின்ட்டில் மின்னியது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

கோதண்டன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "சாக்பீஸ அழுக்குன்னு நெனச்சி தொடச்சிட்டேண்ணே. உங்க கோடு மங்கிப் போச்சே, பூஜைக்கு உங்க கோடு பளிச்சுன்னு இருக்கணும்னு அடிச்சேன். உங்க கோடுண்ணே அது." என் மேல் வைத்த பக்தியால் செய்தான். நான் அவனைத் திட்டவில்லை. பழைய கோட்டைச் சுரண்டாதவன் நான்.

பத்து மணிக்கு ஃபோர்மன் வந்து பதிவேட்டைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "இந்த வரிய அடிச்சிட்டு, வழக்கமான சோதனைன்னு எழுதிடுங்க. உங்க பேருக்காகத்தான் சொல்றேன்."

"அந்தப் பேருதான் சார் முப்பத்திரண்டு பேரை ஏத்தி வெச்சுது" என்றேன். வரி அப்படியே இருக்கிறது. அடுத்த வாரமே இன்ஜின் வீட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஓட்டுவது யாராக இருந்தாலும் முதலில் காலி கேஜ். கோடு போட்டால் இரண்டு பேர் கையெழுத்து. அறிவிப்பில் முதல் கையெழுத்து ஃபோர்மனுடையது. அவரும் என்னைப் போலப் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. என் பேரில் சாய்ந்துகொண்டு அவர் தன் பயத்தை மறந்திருந்தார்.

அன்று மாலை சம்பூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிப்ரவரி, கூழ், கை, ஆடிக் கிருத்திகையில் வேண்டியது, எல்லாம். தம்பி பேர் வந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு, "நம்பாத ஆளை அனுப்புன்னு கேட்டீங்க. அனுப்பினாரு. வந்தவரைத்தான நாலு வாரமா சோத்து முன்னாடி உக்காந்து திட்டினு இருந்தீங்க?" என்றாள். சிரித்தாள். பிறகு இருவரும் அழுதோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினத்தின் வீட்டுக்குப் பழம் எடுத்துக்கொண்டு போனேன். காலில் விழப் போனேன். தள்ளிவிட்டார். "இன்னாத்துக்கு இது? நாளைக்கும் கேப்பேன். நாளன்னிக்கும் கேப்பேன். பழம் குடுத்து வாய அடைக்கலாம்னு பாக்காதீங்க" என்றார்.

என் பேர் போயிற்று. கொஞ்ச காலம் லைனில் "பயந்தாங்கொள்ளி டிரைவர்" என்று சொன்னார்கள். டீ டம்ளர் வைக்க யாரும் வரவில்லை. இரண்டு மூன்று பேர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்கள். ஜெயராமன் மாற்றிக்கொள்ளவில்லை. அவன் பெண்ணுக்கு இப்போது ஆறு வயது. எனக்குக் கூழ் வயிற்றில் தங்குகிறது. பயம் முழுக்கப் போகவில்லை, போக வேண்டும் என்று இப்போது வேண்டுவதும் இல்லை. அதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், அது போதும்.

அன்பர்களே, உங்களில் நல்ல பேர் எடுத்தவர்கள் இருப்பீர்கள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையின் தகப்பன், கைராசிக்காரர் என்று ஊர் சொல்லும் மருத்துவச்சி, தவறே செய்யமாட்டார் என்று எல்லோரும் நம்பும் ஆள். உங்களுக்கு உள்ளே நடுங்கினால் அதை முருகனிடம் அப்படியே சொல்லுங்கள். நான் கேட்டது அபத்தமான வேண்டுதல். அதையும் அவன் கேட்டான். ஆனால் அவன் அனுப்பும் ஆள் மயில்மேல் வரமாட்டார். உங்களுக்குப் பிடிக்காத குரலில் ஃபோன் செய்வார். அவரைத் திட்டாமல் இருக்கப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. முனிரத்தினம் தன் வீட்டுக்குப் பக்கத்து ஷாஃப்டைத்தான் கேட்டிருந்தாராம். மாற்றல் ஆணையில் எங்கள் ஷாஃப்டின் பேர் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. அந்த ஆணை டைப் ஆனது ஆடிக் கிருத்திகை அன்று என்று ஆபீஸ் கிளார்க் ஒருவர் தன்னிடம் சொன்னதாக அவர் சொன்னார். கூடத்தில் சிலர் இதை உறுதியாக நடந்ததாகவே பேசுகிறார்கள். நான் அந்தக் கிளார்க்கைத் தேடினேன், வேலை விட்டு ஊருக்குப் போய்விட்டார். ஆணையின் நகலைக் கேட்டேன், கிடைக்கவில்லை. முனிரத்தினம் 1971இல் காலமானார். ஆகவே அந்தத் தேதி இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. என் டைரியில் அதற்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது.